மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்

அந்த வாரம் முழுக்கப் பாறையின் கையில் ஒரு பிசகும் இல்லை. கோச் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தார்.

பாறை என்பது டீம் பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர். பிஸ்டலை நீட்டிப் பிடித்தால் தோள் முதல் விரல் நுனிவரை எதுவும் ஆடாது. பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டான். ஜூனியர் டீமில் இரண்டாவது இடத்துக்குத்தான் போட்டியே தவிர, முதலிடம் யாருக்கு என்பதில் எவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் சில மாதங்களாக அவன் ஏறுமாறாகச் சுட்டுக்கொண்டிருந்தான். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு தோட்டா இலக்கின் கறுப்பு வட்டத்தைத் தாண்டி எங்கேயோ வெள்ளையில் போய் விழும். பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டுச் சுவரை வெறித்துக்கொண்டு நிற்பான். சாப்பிடக் கூப்பிட்டால் வர மாட்டான். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. என்னடா என்று கேட்டால், "பரீட்சை கோச்" என்பான்.

இப்போது அந்தக் கருவளையம்கூடக் குறைந்த மாதிரி இருந்தது. நேரத்துக்கு வந்தான், எல்லோரிடமும் சிரித்துப் பேசினான். தேர்வுப் போட்டிக்கு மூன்றே நாள் இருக்கையில், வருடக்கணக்காகக் கோச் அவனிடம் எதிர்பார்த்த அந்த அமைதி வந்து சேர்ந்துவிட்டது.

கோச்சுக்கு நாற்பத்தைந்து வயது. ஒரு காலத்தில் அவரும் பதக்கம் வாங்கியவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எங்கக்கா பிஸ்டலைக் கட்டிக்கிட்டா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நல்லவங்க, வரதட்சணை கேக்கல" என்று அவருடைய தங்கை விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். கோச்சும் கூடச் சிரிப்பார். காலையில் ரேஞ்சைத் திறப்பது, ஆயுத அறையிலிருந்து ஒவ்வொரு பிஸ்டலாக எடுத்துக் கொடுப்பது, மாலையில் எண்ணி வாங்கிப் பூட்டுவது, இவைதான் அவருடைய நாள். பிள்ளைகள் யாருக்கு எந்தத் தோள் வலிக்கும், யார் மூச்சை அதிக நேரம் பிடிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனசு என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் அவருக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். "எங்க காலத்துல மனசெல்லாம் வீட்டுல வெச்சிட்டு வருவோம்" என்பார்.

அன்று காலைப் பயிற்சி முடிந்ததும் பாறை அவருடைய மேசைக்கு வந்தான்.

"கோச், இன்னிக்கு சாயங்காலம் பிஸ்டலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். ட்ரை பிராக்டிஸ் பண்ணணும். அப்பா சரின்னுட்டார்."

ட்ரை பிராக்டிஸ் என்றால் தோட்டா இல்லாமல் வெறும் பிஸ்டலைச் சுவரைப் பார்த்துப் பிடித்துப் பழகுவது. பெரிய போட்டிக்கு முன்னால் எல்லோரும் செய்வதுதான். அவனுடைய அப்பாதான் கிளப்பின் செயலாளர். அவரும் பழைய வீரர், வீட்டில் உரிமத்தோடு அவருக்கென்று துப்பாக்கி அலமாரியே இருந்தது. கோச் தலையாட்டினார்.

பாறை போகாமல் நின்றான்.

"கோச், நீங்க எனக்கு ரொம்ப நல்லா சொல்லிக் கொடுத்தீங்க."

"மெடல் வாங்கிட்டு வந்து சொல்லுடா. இப்பவே ஐஸ் வைக்காத."

அவன் சிரித்துவிட்டுப் போனான். வாசலருகே, டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த குட்டி என்ற சிறுமி தன் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாறை தன் கழுத்தில் தொங்கிய காதுமூடியைக் கழற்றி அவள் தலையில் மாட்டிவிட்டான். நல்ல விலை உயர்ந்த காதுமூடி. அதை யாரும் தொடக்கூட விட மாட்டான். குட்டிக்குத் தலைகால் புரியவில்லை. கோச் அதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். பையனுக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மதியம் ரேடியோ வந்தாள்.

அவள் டீமில் இரண்டாவது. வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ. போன வருடம் உடை மாற்றும் அறையில் எல்லோரும் இருக்கும்போதே, "எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுன்னு ஒரு டாக்டரம்மாகிட்ட போறேன், சூப்பரா பேசறாங்க, உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, அட்ரஸ் தரேன்" என்று, நல்ல தையல்கடையைச் சிபாரிசு செய்வதுபோலச் சொன்னவள் அவள். பேச்சு செயலாளர் காதுக்குப் போயிற்று. மனநல சிகிச்சை எடுப்பவர்கள் விசாரணை முடியும்வரை துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று விதி. விசாரணை ஒரு முழு சீசனை விழுங்கிவிட்டது. அதன் பிறகு அந்த அறையில் யாரும் தன்னைப் பற்றி எதுவும் பேசியதில்லை. ரேடியோவே ஸ்கோரையும் சினிமாவையும்தான் பேசினாள்.

இப்போது அவள் கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"கோச், பாறை கையில பிஸ்டலைக் கொடுத்து அனுப்பாதீங்க."

"ஏன்?"

"அவன் சரியில்ல."

"அவன் ஸ்கோரைப் பாத்தியா நீ?"

"பாத்தேன். அதனாலதான் சொல்றேன்."

கோச் பேனாவைக் கீழே வைத்தார். "இங்க பாரு. அவனை விட்டா நீதான் அடுத்தது. இதை வேற யாராவது கேட்டா என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சியா?"

ரேடியோவின் முகம் சிவந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை.

"என்ன வேணா நினைச்சுக்கட்டும். நேத்து அவன் என்கிட்ட அவனோட நாயை வளத்துக்கறியான்னு கேட்டான். ஏன்டா, எங்க போறேன்னேன். சும்மா, உன்கிட்ட இருந்தா நல்லாருக்கும்னான். கோச், அவன் அந்த நாயை யார்கிட்டயாவது விடுவானா?"

விட மாட்டான். கோச்சுக்கு அது தெரியும். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் தினமும் வீட்டுக்கு வீடியோ போட்டு நாயிடம் பேசுகிறவன். டீமே அதற்காக அவனை ஓட்டும். இருந்தாலும், "அவன்கிட்டயே கேக்க வேண்டியதுதானே?" என்றார்.

"கேட்டேன். சிரிக்கறான். டாக்டரம்மாகிட்ட போலாம், நான் கூட வரேன்னு சொன்னேன். போனா உனக்கு ஆனதுதான் எனக்கும் ஆகும், அதுவும் எங்கப்பா கையாலயேன்னான்."

"சரி, நீ போ. நான் பாத்துக்கறேன்."

அவள் போனதும் கோச் செயலாளருக்குப் போன் செய்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வளைத்து வளைத்துப் பேசினார். செயலாளர் கடகடவென்று சிரித்தார்.

"என்ன மேடம், நீங்களுமா? பையன் இப்பத்தான் வழிக்கு வந்திருக்கான். முன்ன மாதிரி எதுத்துப் பேசறதில்ல, கதவைச் சாத்திக்கறதில்ல. நேத்து அவங்கம்மாவோட உக்காந்து பழைய போட்டோவெல்லாம் பாத்துட்டிருந்தான். அந்தப் பொண்ணு ஏற்கெனவே ஒரு தடவை டாக்டர் வாசலை மிதிச்சவ. அவ பேச்சைக் கேட்டு நீங்க தலையைப் பிச்சுக்காதீங்க."

போனை வைத்த பிறகும் கோச் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பழைய போட்டோ என்ற வார்த்தை காதிலேயே நின்றது. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மாலையில் ஏதாவது சாக்குச் சொல்லிப் பிஸ்டலை நிறுத்தி வைக்கலாமா என்று யோசித்தார். செயலாளர் சரி என்று சொன்னதை மறுக்க அவருக்கு என்ன அதிகாரம்? என்ன காரணம் சொல்வது, ஒரு நாயைக் காரணமாகச் சொல்வதா?

மாலைப் பயிற்சிக்கு எல்லோரும் வரிசையாக நின்றார்கள். பாறை வழக்கம்போல முதல் தடத்தில். அடுத்து ரேடியோ. அப்புறம் ஒட்டகம் என்று பெயர் எடுத்த நெட்டைப் பையன். பிறகு மற்றவர்கள், கடைசியில் குட்டி. எதிரே தூரத்தில் இலக்குகள் வெளிச்சத்தில் மிதந்தன. தரையில், சுடுகிறவர்களுக்குப் பின்னால், ஒரு மஞ்சள் கோடு. கையில் துப்பாக்கி இல்லாதவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டி வரக்கூடாது.

"லோட்" என்றார் கோச்.

ஒரே ஒரு பிஸ்டல்தான் நிரம்பும் சத்தம் கேட்டது.

ரேடியோ தன் பிஸ்டலைத் திறந்து, காலி என்று காட்டி, மேசையில் வைத்தாள். பின்னால் நடந்து மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றாள். ஒட்டகம் அதையே செய்தான். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் செய்தார்கள். கடைசியாகக் குட்டி, பெரிய காதுமூடி கண்வரை சரிய, ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். பாறை மட்டும் முதல் தடத்தில் தனியாக நின்றான், நிரப்பிய பிஸ்டலோடு.

"என்ன கூத்து இது?" கோச் அதட்டினார்.

"எங்க பிஸ்டலை எல்லாம் பூட்டி வெச்சிடுங்க கோச்" என்றான் ஒட்டகம். அவன் குரல் உடைந்திருந்தது. "எங்களோடதையும். அவனோடதையும்."

"எதுக்கு?"

ஒட்டகம் காலியான தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "நான் தூங்கி ரொம்ப நாளாச்சு. மாத்திரை போட்டாத்தான் தூக்கம் வருது. கிளப்ல சொல்லல. சொன்னா வெளிய அனுப்பிடுவீங்கன்னு சொல்லல."

அவனுக்கு அடுத்து நின்றவள் தரையைப் பார்த்துக்கொண்டே, ஸ்கோர் குறைந்த நாட்களில் கழிப்பறைக்குள் போய்த் தன் கையைத் தானே கடித்துக்கொள்வதாகச் சொன்னாள். இன்னொருவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ரேடியோ, "நான் டாக்டரம்மாகிட்ட போறதை நிறுத்தவே இல்ல கோச். விசாரணையில கேட்டப்ப நிறுத்திட்டேன்னு பொய் சொன்னேன்" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் குட்டி. "ஆனா நான் இவங்களோட நிக்கறேன்."

அவர்களுடைய தோள்வலியெல்லாம் தெரிந்தவர் கோச். இதில் ஒன்றுகூடத் தெரியாது. அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவர்களுடைய உரிமத்தைப் பறிக்கப் போதுமானது. அது தெரிந்துதான் பேசுகிறார்கள். ஒருவனை மட்டும் தனியாகப் பிடித்துக் கொடுக்க மனமில்லாமல் எல்லோருமாகச் சேர்ந்து வந்து நிற்கிறார்கள்.

அவர் பாறையின் பக்கம் திரும்பினார்.

அவன் இலக்கைப் பார்த்தபடி பிஸ்டலை நீட்டிப் பிடித்திருந்தான். பின்னால் நடந்தது எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும். காதுமூடியைத்தான் கொடுத்துவிட்டானே. ஆனாலும் கை ஆடவில்லை. ஒரு நூல்கூட ஆடவில்லை. இத்தனை வருடமாக அவர் மற்ற பிள்ளைகளுக்குக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்ட அந்தக் கையைப் பார்த்து, முதல்முறையாக அவருக்குக் குலை நடுங்கியது.

"அன்லோட்" என்றார்.

அவன் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கோச் மஞ்சள் கோட்டைத் தாண்டினார். பின்னாலிருந்து யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. அவனுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"கீழ வைடா கண்ணு."

"மேட்ச் இருக்கு கோச்."

"மேட்ச் கிடக்கட்டும்."

"ஒரே ஒரு ஷாட்."

"வேணாம். வை."

அவன் வைக்கவில்லை. கோச் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயந்தார். கேட்காமல் இருக்க அதைவிடப் பயமாக இருந்தது.

"செத்துப் போயிடலாம்னு நினைச்சியா?"

அவன் தோள் ஒரு முறை ஏறி இறங்கியது. பிஸ்டலைத் தாழ்த்தினான். தோட்டாக்களை எடுத்தான், திறந்து காட்டினான், மேசையில் வைத்தான். எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்த ஒழுங்கில். பிறகு, "ம்" என்றான்.

கோச் பிஸ்டலை எடுத்துத் தன் பின்னால் தள்ளினார். அவன் தரையில் உட்கார்ந்தான். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னை டீம்ல இருந்து எடுத்துடுவீங்களா?"

"எடுத்துடுவேன்."

அவன் தலையாட்டினான். பொய் சொல்லாததற்கு நன்றி சொல்வதுபோல இருந்தது. "அப்பாகிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

அப்போதுதான் அவன் அழுதான். ரேடியோ கோட்டைத் தாண்டி வந்து அவன் முதுகில் கையை வைத்தாள்.

கோச் பிஸ்டல்களையெல்லாம் ஆயுத அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பாறையின் அம்மாவுக்குப் போன் செய்தார். ரேடியோவிடம் டாக்டரம்மாவின் எண்ணை வாங்கி அவருக்கும் செய்தார். உடனே அழைத்து வாருங்கள், தனியாக விடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. அதற்குள், மனைவி சொல்லி விஷயம் தெரிந்த செயலாளரின் கார் வாசலில் வந்து நின்றது.

"என் பையனோட பிஸ்டல் எங்க?" என்றபடிதான் உள்ளே வந்தார்.

"உள்ள இருக்கு. தர மாட்டேன்."

"மேடம், என்ன பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா? இது வெளிய போனா கிளப்பையே மூடிடுவாங்க. பசங்க விளையாட்டுத்தனமா ஏதோ உளறினா..."

"அப்பா" என்றான் பாறை, தரையிலிருந்தே. "நேத்து உங்க அலமாரிச் சாவி எங்கேன்னு கேட்டேனே."

செயலாளர் நின்றார்.

"துடைக்கறதுக்குன்னு சொன்னேன். இப்ப என் பையில இருக்கு."

ரேடியோ மூலையில் கிடந்த பையை எடுத்துத் துழாவினாள். சின்னச் சாவி ஒன்று வந்தது. அதைச் செயலாளரின் கையில் கொடுத்தாள். அவர் சாவியைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். இடிந்து விழுகிற மனிதருக்கு நாற்காலி போடக்கூட அங்கே யாருக்கும் தோன்றவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கி, மகனுக்கு எதிரே, அவனைத் தொடத் துணியாமல் உட்கார்ந்தார்.

பாறை பிழைத்தான். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் சில வாரம், பிறகு சித்தி வீட்டில் நாயோடு சில மாதம். செயலாளர் தன் துப்பாக்கிகளையெல்லாம் விற்றார், பதவியையும் விட்டார். மகனைப் பார்க்கப் போனால் பேச்சு வராமல் நாயோடு விளையாடிவிட்டு வந்துவிடுவார் என்று பாறையின் அம்மா கோச்சிடம் சொன்னார். "இப்ப நாய்தான் ரெண்டு பேருக்கும் நடுவுல மொழிபெயர்ப்பாளர்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் கலங்கியிருந்தது.

மற்றது அவ்வளவு நல்லபடியாகப் போகவில்லை. மாநிலத் துப்பாக்கி சுடும் சங்கத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். கோச் மறைக்காமல் சொன்னார். தானாக முன்வந்து பிஸ்டலை ஒப்படைக்கிற பிள்ளைக்குத் தண்டனை கூடாது, அவனுடைய இடத்தைக் காப்பாற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவன் வாயைத் திறக்க மாட்டான் என்று மன்றாடினார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர், "உங்க உணர்வு புரியுது மேடம். ஆனா நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இந்த விளையாட்டையே தடை பண்ணிடுவாங்க. நாங்க நாலா பக்கமும் யோசிக்கணும்" என்றார்.

யோசித்து அவர்கள் எடுத்த முடிவில், மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் உரிமம் போயிற்று. எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன குட்டிக்கும் சேர்த்து. அந்த வருடம் கிளப்பிலிருந்து யாரும் தேர்வுப் போட்டிக்குப் போகவில்லை. ஒட்டகம் இப்போது நீச்சலுக்குப் போகிறான். ரேடியோ துப்பாக்கிப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "நாங்க அன்னிக்குச் செஞ்சது சரிதான் கோச். ஆனா அது தப்புன்னு எங்களுக்குக் கத்துக்கொடுத்துட்டாங்க" என்று ஒரு நாள் போனில் சொன்னாள்.

வேலையை விட்டுவிடலாம் என்று கோச்சுக்குத் தோன்றாமல் இல்லை. விட்டால் அந்த இடத்துக்கு யார் வருவார்கள் என்று நினைத்துப் பார்த்தார், விடவில்லை.

மறு வருடம் புதுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். நல்ல கூர்மையான பிள்ளைகள். சிலர் முதல் வாரத்திலேயே கறுப்பு வட்டத்துக்குள் சுட்டார்கள். போன டீமுக்கு என்ன ஆயிற்று என்று அவர்களுக்குத் தெரியும். யாரும் சொல்லாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு நாள் காலை, ஆயுத அறையைத் திறப்பதற்கு முன்னால், கோச் அவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"பிஸ்டல் அப்புறம். முதல்ல எல்லாரும் எப்படி இருக்கீங்க, சொல்லுங்க. தூக்கம், சாப்பாடு, வீடு, எதுவா இருந்தாலும் சரி. இங்க சொல்றது இங்கயே இருக்கும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை.

"சூப்பரா இருக்கோம் கோச்" என்றார்கள், ஒரே குரலில்.

கோச் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் பளிச்சென்று இருந்தன, துடைத்து வைத்த முகம் பார்க்கும் கண்ணாடிபோல. ஒன்றில்கூட அவரால் உள்ளே பார்க்க முடியவில்லை. அவர் ஆயுத அறைப் பக்கம் போகாமல், அவர்களுக்கு நடுவில் கொஞ்சம் இடம் விடச் சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சரி" என்றார். "அப்ப நான் முதல்ல சொல்றேன்."